எந்த ஹானி ரம்சி?

முதல் நாள்

கெய்ரோவில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. 2024 நவம்பர் மாதத்துச் சூரியன் அதற்குள் அடங்கிக்கொண்டிருந்தது. விசா கவுண்டரில் 25 டாலர் கொடுத்து, பாஸ்போர்ட்டில் ஒட்டும் வில்லையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலிலேயே ஒரு டாக்ஸி கிடைத்தது. ஓட்டுநருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வழிகாட்டி வேலையும் பார்த்தவர் என்பதால் ஆங்கிலம் சரளமாக வந்தது.

பிரமிடு பார்க்க வந்தீர்களா என்று கேட்டார். அதையும் பார்ப்பேன், ஆனால் ஹானி ரம்சியைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கத்தான் வந்திருக்கிறேன் என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"எந்த ஹானி ரம்சி? நடிகரா, கேப்டனா?"

எகிப்தில் அந்தப் பெயரில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஒருவர் இருக்கிறார். அவர் நடித்த படங்கள் அரபு நாடுகள் முழுவதும் ஓடுகின்றன. கால்பந்து ஆடிய ஹானி ரம்சியோ களத்தின் கடைசி வரிசையில் நின்று, பந்தை வெளியே தள்ளிக்கொண்டிருந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். இருந்தும் ஊரார் குழம்புவதில்லை. முன்னால் 'கேப்டன்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். இந்த நாட்டில் விளையாடி ஓய்வு பெற்றவர், பயிற்சி கொடுப்பவர் எல்லோருமே கேப்டன்தான். அணித் தலைவராக இருந்தாரா என்பதை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் பள்ளியை விட்டு முப்பது வருடம் ஆனபிறகும் வாத்தியாரை 'சார்' என்று கூப்பிடுவதைப் போல, வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் மரியாதை அது.

"கேப்டன்" என்றேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அக்டோபர் 6 பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை.

நான் ஏன் இதற்காக இவ்வளவு தூரம் வந்தேன் என்பதை இன்றே சொல்லிவிடுகிறேன். 1990-இல் எனக்குப் பதினோரு வயது. இத்தாலி உலகக் கோப்பையின் பல ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். அப்பா பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கு என்னைக் கூட்டிப்போவார். எகிப்து என்றால் பிரமிடு என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு, அந்த நாட்டுக்காரர்கள் ஹாலந்தை மறித்து நின்ற காட்சி மறக்கவில்லை. நான் பள்ளி அணியில் பின்களத்தில் ஆடியவன். பந்தை வைத்திருப்பவனையே எல்லோரும் பார்ப்பார்கள், பந்து வராமல் செய்தவனை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற வருத்தம் அந்த வயதிலேயே எனக்கு இருந்தது. ஒரு தடுப்பாட்டக்காரரை ஒரு நாடு எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு ஆசை.

இரண்டாம் நாள்

காலையில் ஃபூல். ஊறவைத்த மொச்சையை இரவு முழுக்கக் குழைய வேகவைத்து, எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும் சேர்த்து ரொட்டியோடு தருகிறார்கள். பக்கத்திலேயே ஏறத்தாழ நம் மசால் வடையின் உருவத்தில் தாமியா பொரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் சாப்பிட்டால் மதியம் வரை பசிக்காது.

மெட்ரோவில் ஓபரா நிலையத்தில் இறங்கினால் நைல் நதிக்கு நடுவே இருக்கும் கெசிரா தீவு. அங்கேதான் அல் அஹ்லி கிளப் இருக்கிறது. 1907-இல் தொடங்கப்பட்டது. ஹானி ரம்சி ஆடத் தொடங்கியது இங்கேதான். கெய்ரோவில் 1969 மார்ச்சில் பிறந்தவர் 1980-களின் கடைசியில் சிவப்புச் சட்டை அணிந்தார். 1988-இலேயே தேசிய அணிக்கும் வந்துவிட்டார்.

உள்ளே போக உறுப்பினர் அட்டை வேண்டும். வாசலில் இருந்த காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன். முடியாது என்று தலையசைத்தவர், வெயிலில் நிற்காதே என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தந்தார். மதில் சுவரின் மறுபக்கத்தில் சிறுவர்கள் பந்து உதைக்கும் சத்தமும், "கேப்டன், கேப்டன்" என்ற கூப்பாடும் கேட்டுக்கொண்டே இருந்தன. அதைக் கேட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விடுதிக்குத் திரும்பியதும் வரவேற்பறைத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். பல்கலைக்கழக மாணவர், பகுதி நேரமாக இங்கே வேலை பார்க்கிறார். 2002-இல் பிறந்தவர். ஹானி ரம்சி ஆடி அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் லண்டன் ஒலிம்பிக்ஸ் பயிற்சியாளர். "சாலாவை உலகம் பார்த்தது அந்த அணியில்தான்" என்றார். எகிப்தின் பெரிய கால்பந்து நட்சத்திரம் முகமது சாலாவைத்தான் சொல்கிறார். நாளை அவருக்கு விடுமுறை. தன் தாத்தா வழக்கமாகப் போகும் டீக்கடைக்கு அழைத்துப் போகிறேன் என்றிருக்கிறார்.

மூன்றாம் நாள்

டீக்கடை என்று நேற்று எழுதிவிட்டேன். இங்கே அதற்கு அஹ்வா என்று பெயர். காபி என்பதும் அதே சொல்தான். மரநாற்காலிகள் தெருவரை வந்து நிற்கின்றன. கண்ணாடித் தம்ளரில் புதினா போட்ட தேநீர், ஷீஷா, டாமினோ காய்களை மேசையில் அறையும் சத்தம், மூலையில் ஓயாமல் ஓடும் தொலைக்காட்சி.

தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் "யா ஹாக்" என்று கூப்பிடுகிறார்கள். புனிதப் பயணம் போய் வந்தவருக்குரிய சொல் அது. இப்போது வயதான எவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன். தம்பி எங்களுக்கு இடையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பேச்சு சூடு பிடித்தபிறகு பாதியை விட்டுவிட்டார் என்பதும் எனக்குத் தெரிகிறது.

1990-இல் எகிப்து ஹாலந்தோடு ஆடிய இத்தாலிய நகரம் பலெர்மோ. அந்தப் பெயரைச் சொன்னதுமே ஹாக் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

1934-க்குப் பிறகு 56 வருடம் எகிப்து உலகக் கோப்பைக்குப் போகவில்லை. 1989 நவம்பரில் கெய்ரோ மைதானத்தில் அல்ஜீரியாவை 1-0 என்று வென்று இடம் பிடித்தார்கள். ஹொசாம் ஹசன் அடித்த கோல். அன்றைக்கு இந்தத் தெருவில் நடக்க இடமில்லை என்றார். பிறகு இத்தாலி. முதல் ஆட்டம் ஹாலந்தோடு. குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் எல்லாம் இருந்த அணி, 1988-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. ஹாலந்தின் கீஃப்ட் ஒரு கோல் போட்டார். 83-ஆவது நிமிடத்தில் மக்தி அப்தெல்கனி பெனால்டியை அடித்துச் சமன் செய்தார். 2018-இல் ரஷ்யாவுக்கு எதிராக சாலா அடிக்கும் வரை, 28 வருடம், உலகக் கோப்பையில் எகிப்தின் கடைசி கோல் அதுதான். நாட்டில் எல்லோருக்கும் அந்தப் பெனால்டி மனப்பாடம்.

"எல்லோரும் மக்தியின் கோலைச் சொல்வார்கள். நீ என்னைக் கேட்டால், வான் பாஸ்டன் கோல் அடிக்காததைச் சொல்வேன்" என்றார் ஹாக்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினோரு வயதில் நான் யாரிடமும் சொல்லத் தெரியாமல் வைத்திருந்த எண்ணத்தை, முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் வேறொரு மொழியில் சொல்லிவிட்டார். அந்தப் பின்களத்தில் இருபத்தோரு வயதில் நின்றவர் ஹானி ரம்சி. எகிப்து அந்தக் கோப்பையில் மூன்று ஆட்டம் ஆடியது. ஹாலந்தோடு 1-1, அயர்லாந்தோடு 0-0, இங்கிலாந்தோடு 0-1. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து வாங்கியது இரண்டே கோல். குழுவில் கடைசி இடம் பிடித்து வீடு திரும்பிய அணிதான். இருந்தாலும் இந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு அந்த இரண்டு என்ற எண் போதுமானதாக இருக்கிறது.

அயர்லாந்து ஆட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆட்டத்தில் எகிப்தியர்கள் பந்தைத் திரும்பத் திரும்ப கோல்கீப்பர் ஷொபெயிரிடமே உதைத்துத் தள்ளினார்கள், அவர் கையில் எடுத்து வைத்துக்கொண்டார், நேரம் கரைந்தது. அயர்லாந்துப் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன் கொதித்துப்போனார். 1992-இல், சக வீரர் வேண்டுமென்றே காலால் திருப்பி உதைத்த பந்தை கோல்கீப்பர் கையால் தொடக்கூடாது என்று விதியையே மாற்றினார்கள். அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஆட்டத்தை உதாரணம் காட்டுகிறார்கள். பார்ப்பதற்குச் சலிப்பான ஆட்டம் என்று உலகம் எழுதியது. ஹாக் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. எகிப்தின் பயிற்சியாளர் கோஹரி ராணுவத்தில் இருந்தவர், கோட்டையை எப்படிக் காப்பது என்று அவருக்குத் தெரியும் என்றார். பக்கத்து மேசைக்காரர் மறுத்தார். தைரியமாக ஆடியிருந்தால் அயர்லாந்தை வென்றிருக்கலாம், அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம் என்றார். 34 வருடத்துக்கு முந்தைய ஆட்டம். இரண்டு பேரும் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். தம்பி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டது அப்போதுதான்.

இத்தாலியிலிருந்து வந்த கையோடு ஹானி ரம்சி சுவிட்சர்லாந்துக்குப் போனார். நியூஷாடெல் சாமாக்ஸ் என்ற கிளப். ராய் ஹாட்ஜ்சன் பயிற்சியாளர். அடுத்த வருடம் ஹொசாம் ஹசனும் அவருடைய இரட்டைச் சகோதரர் இப்ராஹிமும் அங்கே சேர்ந்தார்கள். ஒரு சின்ன ஏரிக்கரை நகரத்தில் மூன்று எகிப்தியர்கள். 1991 அக்டோபரில் செல்டிக்கை 5-1 என்று வென்றபோது ஹொசாம் மட்டும் நாலு கோல் அடித்தார். இரட்டையர்கள் கெய்ரோவுக்குத் திரும்பிவிட்டார்கள். ரம்சி திரும்பவில்லை. 1994-இல் ஜெர்மனியின் வெர்டர் பிரேமன், 1998-இல் கைசர்ஸ்லாடர்ன். பதினொரு வருடத்துக்குள் ஜெர்மனியின் முதல்தர லீக்கான பண்டஸ்லீகாவில் 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பின்னாளில் வந்த எகிப்தியர்களான மிடோவுக்கும் முகமது சிடானுக்கும் சாலாவுக்கும் முன்னால், ஐரோப்பாவில் ஒரு எகிப்தியன் வருடக்கணக்கில் நிலைத்து நிற்க முடியும் என்று காட்டியவர். வேகத்தாலோ வித்தையாலோ அதைச் செய்யவில்லை. வாராவாரம் தவறாமல் போய் நின்றதால் செய்தார்.

கிளம்பும்போது பணம் கொடுக்கப் பார்த்தேன். ஹாக் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

நான்காம் நாள்

இன்று ஷுப்ரா. எட்டு பவுண்டு டிக்கெட்டில் மெட்ரோ. செயின்ட் தெரேசா என்ற நிலையத்தில் இறங்கினேன். அதே பெயரில் உள்ள தேவாலயத்தை முதலில் பார்த்தேன். வேண்டுதல் நிறைவேறியவர்கள் நன்றி சொல்லி வைத்த பளிங்குப் பலகைகள் பல மொழிகளில் சுவரை நிறைத்திருக்கின்றன. இஸ்லாமியர்கள் வைத்தவையும் அவற்றில் உண்டு. நம் வேளாங்கண்ணியைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஷுப்ராவில் காப்டிக் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஹானி ரம்சியும் காப்டிக். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அவர்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் தேசிய அணியின் வரலாற்றில் காப்டிக் பெயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் அப்படி என்ற கேள்வி எகிப்தின் நாளிதழ்களில் அவ்வப்போது எழுகிறது, பிறகு அடங்குகிறது. கிளப்புகளின் தேர்வு முகாமில் பெயரைக் கேட்டதுமே பையனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சில பெற்றோர் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் கிடையாது என்று வேறு சிலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நாலு நாள் வந்து போகிறவன் இதில் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

முடி வெட்டிக்கொள்ள ஒரு கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரரின் மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னச் சிலுவை பச்சை குத்தியிருந்தது. காப்டிக் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே குத்திவிடுவது வழக்கம். காத்திருந்தவர்களில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் உதவினார். கேப்டன் ஹானி என்றதும் கத்தரிக்கோல் நின்றது.

சிறு வயதில் இந்தத் தெருவில் பந்து ஆடும்போது, முன்களத்தில் ஆடத்தான் எல்லாப் பையன்களும் அடித்துக்கொள்வார்களாம். பின்னால் நிற்க யாரும் வரமாட்டார்கள். முடி வெட்டும் இவர் மட்டும் தானாகப் போய்ப் பின்னால் நிற்பாராம். "அவர் அங்கேதானே நின்றார்" என்றார்.

கடையில் இருந்த இன்னொருவர் இஸ்லாமியர், எதிரே பழக்கடை வைத்திருப்பவர். அவர் குறுக்கிட்டார். கேப்டன் ஹானி எங்களுக்கும் கேப்டன்தான், 120 ஆட்டத்துக்கு மேல் இந்த நாட்டுக்கு ஆடியவர், 1998-இல் ஆப்பிரிக்கக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர், அதில் உனக்கென்ன எனக்கென்ன என்றார். முடி வெட்டுபவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுக்கவில்லை. ஆனாலும் தன் கையில் இருந்த அந்தச் சின்னச் சிலுவையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துக்கொண்டார். பழக்கடைக்காரர் சொன்னதும் உண்மை. முடி வெட்டுபவர் சொல்லாமல் விட்டதும் உண்மை. இரண்டையும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் நாள்

விடிவதற்கு முன் பஸ் பிடித்து போர்ட் சயீத். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. இந்தப் பயணத்தில் நான் பயந்த நாள் இது.

சூயஸ் கால்வாயின் முகப்பில் இருக்கும் நகரம். கப்பல்கள் வீடுகளுக்குப் பின்னால் நகர்வதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். கடலோர நடைபாதையில் ஒரு பெரிய கல்பீடம் வெறுமையாக நிற்கிறது. கால்வாயைத் தோண்டிய லெசெப்ஸின் சிலை அங்கே இருந்தது. 1956 டிசம்பரில், சூயஸ் போரையொட்டி, ஊர் மக்கள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மறுகரையான போர்ட் ஃபுவாதுக்கு இலவசப் படகு விடுகிறார்கள். கடற்பறவைகள் கூடவே பறந்து வந்தன. ஒரு அம்மாள் தன் கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்து எனக்கும் கொடுத்து, வீசு என்று சைகை காட்டினார்.

2012 பிப்ரவரி 1 அன்று இங்கேயுள்ள மைதானத்தில் இந்த ஊர் அணியான அல் மஸ்ரியும் கெய்ரோவின் அல் அஹ்லியும் ஆடின. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் களத்துக்குள் இறங்கியது. 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அஹ்லி ரசிகர்கள், இளைஞர்கள். மூடிக்கிடந்த வாயிலில் நெரிசலில் சிக்கி இறந்தவர்கள் பலர். அந்தப் பழைய மைதானத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலியின் இடைவெளி வழியாகக் கம்பிகளும் கிரேனும் தெரிந்தன. படம் எடுக்க மனம் வரவில்லை. பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கினேன். கடைக்காரர் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைக் கவனித்திருந்தார். சில்லறையைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஊரும் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு இரவைச் சுமக்கிறது. அந்த வழக்கின் தீர்ப்புகளை எதிர்த்து 2013-இல் இதே தெருக்களில் எழுந்த கலவரத்திலும் பலர் செத்தார்கள். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஹானி ரம்சியைப் பற்றி எழுத வந்தவன் இங்கே ஏன் வந்தேன் என்று கேட்கலாம். அவர் பயிற்சியாளராகப் பெற்ற பெயர் இந்த இரவுக்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பதால் வந்தேன்.

லீக் போட்டிகளை நிறுத்திவிட்டார்கள். நாட்டில் கால்பந்தே இல்லை. அஹ்லி வீரர்களான அபூத்ரிகா, பரகாத், இமாத் முத்தெப் மூவரும் இனி ஆடமாட்டோம் என்று அறிவித்துவிட்டுப் பிறகு மனம் மாறினார்கள். ரம்சியின் 23 வயதுக்குட்பட்டோர் அணி அதற்குச் சற்று முன்னால்தான் மொராக்கோவில் மூன்றாம் இடம் பிடித்து லண்டன் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றிருந்தது. 1992-க்குப் பிறகு எகிப்து ஒலிம்பிக்ஸ் கால்பந்துக்குப் போவது அதுதான் முதல் முறை. வாரம் ஒரு ஆட்டம் என்று காலைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டிய வயதில் அந்தப் பையன்களுக்கு ஆட இடமில்லை. முகாமும் நட்பு ஆட்டங்களும் மட்டுமே மிச்சம்.

அந்த நட்பு ஆட்டங்களில் ஒன்று மார்ச் 16 அன்று சுவிட்சர்லாந்தில், பாசெல் கிளப்புக்கு எதிராக நடந்தது. எகிப்து 4-3 என்று வென்றது. இரண்டாம் பாதியில் களமிறங்கிய பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டு கோல் அடித்தான். பாசெல் அவனை ஒப்பந்தம் செய்தது. முகமது சாலா. லீக் ஓடிக்கொண்டிருந்தால் அப்படியொரு ஆட்டம் நடந்திருக்குமா என்று தெரியாது. துக்கத்திலிருந்து ஒரு கதவு திறந்தது என்று எழுத என் கை கூசுகிறது. இறந்தவர்களின் தாய்மார் இந்த வாக்கியத்தைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

லண்டனில் அதே அணி. வயது வரம்பைத் தாண்டிய மூவராக அபூத்ரிகா, அகமது ஃபத்தி, முத்தெப். கார்டிஃபில் பிரேசிலோடு முதல் பாதியிலேயே 0-3. நெய்மார் ஒரு கோல் போட்டார். இரண்டாம் பாதியில் அபூத்ரிகாவும் சாலாவும் அடித்து 2-3 வரை கொண்டுவந்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த எனக்கு, அந்த இடைவேளையில் ரம்சி என்ன சொல்லியிருப்பார் என்பதே இன்றுவரை யோசனை. நியூசிலாந்தோடு 1-1. கிளாஸ்கோவில் பெலாரஸை 3-1 என்று வென்று காலிறுதிக்குப் போனார்கள். சாலா மூன்று ஆட்டத்திலும் ஒவ்வொரு கோல். காலிறுதியில் ஜப்பானிடம் 0-3 என்று தோற்றார்கள்.

பதக்கம் இல்லை. ஆனால் ஐந்தாறு மாதமாகப் பந்து உருளாத ஒரு நாடு, இரவு நேரத்தில் மறுபடியும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. விடுதித் தம்பிக்கு அப்போது பத்து வயது. அவருடைய அண்ணன் அந்த பிப்ரவரிக்குப் பிறகு ஆட்டம் பார்ப்பதையே விட்டுவிட்டாராம். பிரேசில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்தான் சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்தாராம். இதை நேற்றிரவு சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

ஆறாம் நாள்

கீசா பிரமிடுகள். எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுத வேண்டியதில்லை. காலையில் எட்டு மணிக்கே போய்விடுங்கள்.

மாலையில் நஸ்ர் சிட்டியில் கெய்ரோ சர்வதேச மைதானத்தைச் சுற்றி நடந்தேன். அல்ஜீரியாவை வென்றது இங்கேதான். 2019 ஜூலை 6 அன்று ஆப்பிரிக்கக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் 0-1 என்று தோற்றதும் இங்கேதான். ஹாவியெர் அகீர்ரே தலைமைப் பயிற்சியாளர், ஹானி ரம்சி அவருடைய உதவியாளர்களில் ஒருவர். சொந்த மண்ணில், நிறைந்த அரங்கத்தில், 85-ஆவது நிமிடத்தில் வாங்கிய கோல். அன்றிரவே பயிற்சிக் குழு முழுவதையும் நீக்கினார்கள். திரும்பி வரும்போது கிடைத்த டாக்ஸிக்காரர் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர். கேப்டன் ஹானி அந்தக் குழுவில் இருந்தும் அணியின் பின்களம் ஓட்டையாக இருந்ததே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை என்றார். அவர் குரலில் இருந்தது கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்திலும் 'கேப்டன்' விட்டுப்போகவில்லை. வேறொருவர் என்றால் மறந்திருப்பேன், அவரிடம் நான் எதிர்பார்த்தேன் என்றார்.

இந்த ஆறு நாளில் நான் கேட்டவற்றில் என்னை மிகவும் தொட்டது இதுதான். முன்கள வீரன் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றை அடித்தால் தோளில் தூக்குவார்கள். பின்களத்தில் நிற்பவனிடம் மக்கள் நம்பிக்கையை ஒப்படைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், வீட்டைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போவதைப் போல. பூட்டு உடையும் நாளில்தான் அதன் ஞாபகம் வருகிறது. ஹானி ரம்சிக்கு இங்கே சுவர் ஓவியம் எதையும் நான் பார்க்கவில்லை. சாலாவின் முகம் ரமலான் விளக்குகளில்கூட இருக்கிறது. ஆனால் பெயரைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்தவர், தம்ளரைக் கீழே வைத்தவர், கத்தரிக்கோலை நிறுத்தியவர் என்று ஒவ்வொருவரும் ஒரு கணம் தாங்கள் செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்த புகழில் இதைவிடப் பெரியது இல்லை.

ஏழாம் நாள்

விமானம் நள்ளிரவுக்குப் பிறகு. மாலை காலியாக இருந்ததால் மறுபடி அதே அஹ்வா. ஹாக் எனக்காக ஒரு நாற்காலியில் செய்தித்தாளை வைத்து இடம் பிடித்திருந்தார். தம்பிக்கு வேலை நேரம், வரவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுமொழி என்று ஒன்றும் கிடையாது.

தொலைக்காட்சியில் லீக் ஆட்டம். தெருவரை கூட்டம். முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. பலர் டாமினோவுக்குத் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் பாதியில் ஒரு முன்கள வீரன் கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தை உருட்டிவிட்டான். கடை முழுவதும் எழுந்தது. பந்து மெதுவாகக் கோட்டை நோக்கி உருள, எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு தடுப்பாட்டக்காரன் சறுக்கி விழுந்து, கோட்டின் மேலிருந்தே அதைத் தட்டி வெளியே அனுப்பினான். கடையெங்கும் ஒரே ஓலம். முன்கள வீரனின் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். திரையும் அவன் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஹாக் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் முழங்காலை இரண்டு முறை தட்டினார். திரையின் ஓரத்தில், வலைக்குப் பக்கத்தில், சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருந்த அந்தப் பையனை விரலால் காட்டினார். பிறகு தேநீரை எடுத்துக் குடித்தார்.